குள்ளக் குதிரைக்கு ஏது குள்ளம்? – ஒரு கலைச்சொல் இழை

அனுப்பியவர்: தண்டையார்பேட்டையான்
பொருள்: இரண்டு குள்ளம், ஒரே சொல் – உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம்.

இந்தக் குழுவில் குதிரையைப் பற்றி இதுவரை ஒரு மடலும் வந்ததாக நினைவில்லை. எனக்கும் குதிரைக்கும் உள்ள ஒரே உறவு, தாத்தா ஜட்கா ஓட்டினார் என்பதுதான். ஆனாலும் போன வாரம் மாட்டிக்கொண்டேன்.

அக்கா மகள் அமெரிக்காவில், டெக்சஸில் இருக்கிறாள். வீட்டை ஒட்டிய நிலத்தில் மினியேச்சர் குதிரை மூன்று வளர்க்கிறாள். அதில் ஒரு பெட்டை ஐந்து வாரத்துக்கு முன்னால் குட்டி போட்டிருக்கிறது. குட்டியின் கீழ்ப்பல் மேல்பல்லைத் தாண்டி வெளியே நிற்கிறது. பக்கத்துப் பண்ணைக்காரர் பார்த்துவிட்டு, “இது ட்வார்ஃபாக இருக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை. போனில் அம்மாவிடம் ஒரே அழுகை. அக்கா என்னைக் கூப்பிட்டு என்னவென்று கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டு, “குட்டி குள்ளமா இருக்குமோன்னு பயப்படுது” என்று அக்காவுக்குச் சொன்னேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இன்னாடா பேச்சு இது? அதுவே குள்ளக் குதிர. குள்ளக் குதிரைக்கு ஏதுடா குள்ளம்?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. விஷயம் தெரியாமல் இல்லை, சொல்தான் இல்லை. மினியேச்சர் குதிரை என்பது பல தலைமுறையாகச் சின்னதையும் சின்னதையும் சேர்த்து உண்டாக்கிய வகை. அமெரிக்க மினியேச்சர் குதிரைச் சங்கம் 34 அங்குலத்துக்கு மேல் போனால் ஏற்பதில்லை. பிடரிமயிர் முடிகிற இடத்தில் அளக்கிறார்கள். இன்னொரு பதிவேடு 38 அங்குலம் வரைக்கும் ஒரு பிரிவு வைத்திருக்கிறது. அளவு எதுவானாலும் உடம்பின் விகிதம் கெடக் கூடாது. பக்கத்தில் ஆள் நிற்காத படத்தைப் பார்த்தால் பெரிய குதிரை என்றே நினைக்க வேண்டும், அதுதான் அழகு என்கிறார்கள். ட்வார்ஃப் என்று அவர்கள் பயப்படுவது வேறு. அது நோய். தலை பெரிது, கால் குட்டை, மூட்டு வளைவு, வயிறு சரிவு என்று விகிதமே குலைந்துபோய் இருக்கும். முதலாவதும் நமக்குக் குள்ளம், இரண்டாவதும் குள்ளம். அக்கா கேட்டதில் தப்பே இல்லை.

விக்கிப்பீடியாவுக்கு ஒரு கட்டுரையாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் போட்டுப் பார்த்தவை:

மினியேச்சர் குதிரை: சிற்றினக் குதிரை
நோய்: குள்ளநோய்
மேல்பல் வெளியே நிற்பது: மேற்கடி
கீழ்ப்பல் வெளியே நிற்பது: கீழ்க்கடி

எதுவும் மனசுக்கு ஒட்டவில்லை. கொஞ்சம் அடித்துத் திருத்துங்கள்.

~~~

அனுப்பியவர்: கொருக்குப்பேட்டை வாத்தியார்

தம்பி,

அடித்துத் திருத்தச் சொன்னீர்கள். அடிக்கிறேன்.

சிற்றினம் கூடவே கூடாது. பள்ளி உயிரியல் புத்தகத்தில் பேரினம், சிற்றினம் என்று பிள்ளைகள் படிக்கிறார்கள். சிங்கமும் புலியும் ஒரே பேரினம், வேறு வேறு சிற்றினம் என்கிற கணக்கில் வருவது அது. சிற்றினக் குதிரை என்று போட்டால் குதிரையிலேயே தனிச் சிற்றினம் என்று பொருளாகும். அது தவறான செய்தி. மட்டக்குதிரையை எடுக்கலாம் என்றால் அது போனிக்கு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது.

மேற்கடி, கீழ்க்கடி பற்றி. எங்கள் தெருவில் போய் “குட்டிக்குக் கீழ்க்கடி” என்று சொன்னால், நாய் எங்கே கடித்தது, ஊசி போட்டாயா என்று கேட்பார்கள். நம் மொழியில் கடி என்பது செயல். நாய்க்கடி, பாம்புக்கடி, கொசுக்கடி. இப்போது பிள்ளைகள் பேச்சில் அறுவையும் கடிதான். பல்வரிசை ஒன்றோடொன்று சேர்ந்து நிற்கும் நிலைக்கு அந்தச் சொல் வராது. வாய்க்குள் நடப்பது பொருத்தம். பல்பொருத்தம், பல்பொருந்தாமை என்று தொடங்குங்கள்.

குள்ளநோயைவிட எனக்குக் குறள் பிடிக்கும். பழைய சொல். புறநானூற்றின் 28ஆம் பாட்டில் கூனும் குறளும் சேர்ந்தே வருகின்றன. இன்றைக்கு ஈரடி வெண்பா என்றே எல்லோரும் அறிந்த சொல்லுக்குக் குட்டையான உருவம் என்பதுதான் அடிப்பொருள். குறள்நோய் என்று வைக்கலாம்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். குதிரையின் பிள்ளையைக் கன்று என்று சொல்லத் தொல்காப்பியம் மரபியலில் இடம் இருக்கிறது. யானை, குதிரை, கழுதை எல்லாவற்றுக்கும் கன்றுதான். கட்டுரையில் குட்டி என்று எழுதாமல் கன்று என்று எழுதினால் நன்று.

~~~

அனுப்பியவர்: பழைய வண்ணை

அண்ணே, நான் இடையில் வருவதற்கு மன்னிக்கணும். மினியேச்சர் குதிரை, ட்வார்ஃப் என்று அப்படியே போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாமே? பஸ்ஸுக்குப் பேருந்து என்று வைத்தோம், இன்றைக்கும் பஸ்ஸில்தான் ஏறுகிறோம்.

~~~

அனுப்பியவர்: மாதவரம் டாக்டர்
பொருள்: மறு: இரண்டு குள்ளம், ஒரே சொல்

வணக்கம்.

நான் வேப்பேரிக் கல்லூரியில் படித்த கால்நடை மருத்துவர். 1903இல் தொடங்கிய கல்லூரி அது. இப்போது என்னிடம் வருவதில் முக்கால்வாசி நாயும் பூனையும்தான். சவுகார்பேட்டைக் கல்யாண ஊர்வலத்துக்குப் போகிற குதிரைகள் எப்போதாவது வரும். மினியேச்சர் குதிரையை நேரில் பார்த்ததில்லை. ஆனால் பல்லும் தாடையும் எல்லாக் குதிரைக்கும் ஒரே கதைதான்.

சொல்லுக்குப் போகும் முன்னால் தண்டையார்பேட்டை அண்ணனிடம் ஒரு கேள்வி. உங்கள் அக்கா மகள் அனுப்பிய படத்தில் குட்டியின் தலை எந்த நிலையில் இருந்தது? குனிந்திருந்ததா, நேராக இருந்ததா?

காரணம் இருக்கிறது. குதிரை தலையைக் குனிந்தால் கீழ்த்தாடை தானாக முன்னே வழுகும், தலையைத் தூக்கினால் பின்னே போகும். மேய்வதற்காக அமைந்த வாய் அது. இந்த வழுக்கம் நல்ல குதிரைக்கும் உண்டு. அதனால் தலையை இயல்பான உயரத்தில் வைத்து, வாயைத் திறக்காமல், உதட்டை மட்டும் விலக்கிப் பார்க்க வேண்டும். குட்டி புல்லை முகர்ந்துகொண்டிருக்கும்போது எடுத்த படத்தைப் பார்த்துப் பயந்தால், பாதிப் பயம் படத்தால் வந்தது.

வயதையும் பாருங்கள். பால்பல்லில் முன்பல் முளைப்பதற்கு நாங்கள் படித்த கணக்கு ஆறு, ஆறு, ஆறு: நடு இரண்டு சுமார் 6 நாளில், அடுத்தவை 6 வாரத்தில், ஓரத்தவை 6 மாதத்தில். ஐந்து வாரக் குட்டிக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு முன்பல்தான் இருக்கும். அந்த நாலை வைத்து ஜாதகம் எழுதக் கூடாது.

இனி நோய். வாத்தியார் ஐயா சொன்ன குறள்நோய்க்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கூன், குறள், ஊமை, செவிடு என்று வரிசைப்படுத்திய காலத்துச் சொல் அது. இன்றைக்கும் குட்டையான மனிதர்கள் நம் தெருவில் இருக்கிறார்கள். அவர்களைக் குறித்த சொல்லோடு நோய் என்பதை ஒட்டவைத்துக் கட்டுரை எழுத என் கை வராது. தவிர, குள்ளத்துக்குக் காரணம் ஒன்று இல்லை. ஃப்ரீசியன் என்ற பெரிய கறுப்புக் குதிரை வகையிலும் இப்படி ஒரு நோய் உண்டு. அதற்கு மரபணு வேறு. அதில் காலும் விலாவும் குட்டை, தலை கிட்டத்தட்ட சரியான அளவு. ஷெட்லாந்து மட்டக்குதிரைகளில் இன்னொன்று உண்டு, அது கால் எலும்பு சம்பந்தப்பட்டது. எல்லாவற்றையும் குறள் என்ற ஒரே சாக்கில் கட்டினால், எந்தப் பரிசோதனைக்கு எதை அனுப்புவது என்பதே குழம்பிப்போகும்.

மினியேச்சர் குதிரையில் பெரும்பாலும் பேசப்படுவது அக்ரிகன் என்ற புரதத்தின் கோளாறு. குருத்தெலும்பில் தண்ணீரைப் பிடித்துவைத்து மெத்தென்று வைத்திருப்பது அந்தப் புரதம். குட்டியின் கால் எலும்பு நீள்வதே நுனியில் இருக்கும் குருத்தெலும்புத் தட்டிலிருந்துதான். அது சரியில்லை என்றால் எலும்பு நீளாது. 2018இல் கெண்டக்கிப் பல்கலைக்கழகத்தார் இந்த மரபணுவில் நான்கு பிழைகளைக் கண்டு எழுதினார்கள். டி1, டி2, டி3, டி4 என்று பேர் வைத்திருக்கிறார்கள். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பிழை சேர்ந்தால்தான் நோய் வரும், ஒன்று மட்டும் இருந்தால் வராது. டி1 இரண்டு சேர்ந்துவிட்டால் குட்டி பிறப்பதற்கு முன்பே போய்விடும். பிடரியிலிருந்து வேரோடு பிடுங்கிய மயிரை ஆய்வகத்துக்கு அனுப்பினால் சொல்லிவிடுவார்கள்.

பல்லுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை எழுதாவிட்டால் கட்டுரை பாதிதான். மண்டையோட்டின் அடித்தளமும் குருத்தெலும்பிலிருந்து வளர்வதுதான். அது குட்டையாகும்போது நடுமுகம் உள்வாங்கும், மூக்குத்தண்டு பள்ளமாகும், மூக்குத் துளை மேலேறும், மேல்தாடை பின்தங்கும். கீழ்த்தாடை பெரும்பாலும் வேறு வழியில் வளர்வதால் அது தன்பாட்டுக்கு வந்துவிடும். அதனால் கீழ்ப்பல் வெளியே நிற்கும். இந்த நோயுள்ள குட்டிகளில் கீழ்ப்பல் துருத்தல் அடிக்கடி காணப்படுவது இதனால்தான். ஆனால் தலைகீழாகச் சொல்ல முடியாது. கீழ்ப்பல் துருத்திய குட்டிக்கெல்லாம் இந்த நோய் கிடையாது. பல் மட்டும் பொருந்தாமல் மற்ற எல்லாம் சரியாக இருக்கும் குட்டிகள் நிறைய. மேட்டு நெற்றியும் அப்படித்தான். மினியேச்சர் குட்டி பலவற்றுக்கும் பிறக்கும்போது நெற்றி கொஞ்சம் புடைத்துத்தான் இருக்கும்.

அண்ணே, நீங்கள் இரண்டையும் ஒரே கட்டுரையில் எழுதினாலும் சொற்கள் ஒன்றை ஒன்று தொடாமல் இருக்கட்டும். பல்லுக்கான சொல்லில் குள்ளத்தின் வாடை இருக்கக் கூடாது. அந்தப் பண்ணைக்காரர் செய்த தப்பைச் சொல்லே செய்துவிடக் கூடாது.

~~~

அனுப்பியவர்: தண்டையார்பேட்டையான்

டாக்டரம்மா, உங்களுக்குப் பெரிய கும்பிடு. படத்தை மறுபடி பார்த்தேன். குட்டி வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறது! நேராக நிற்கவைத்து எடுக்கச் சொன்னேன். புதுப் படத்திலும் கீழ்ப்பல் வெளியேதான், ஆனால் முதல் படத்தில் இருந்ததில் பாதி. அவள் அளந்ததில் சுமார் 2 மில்லிமீட்டர். மயிரும் பிடுங்கி அனுப்பிவிட்டாள்.

இதற்கிடையில் சித்தப்பாவிடம் போனேன். 78 வயது. தாத்தாவுக்குப் பிறகு ஜட்காவையும், அது போன பிறகு கல்யாணக் குதிரையையும் வைத்திருந்தவர். பல்லைக் காட்டு, வயசைச் சொல்கிறேன் என்பார். மாட்டுக்குச் சொல்வது போலவே ரெண்டு பல்லு, நாலு பல்லு, கடை சேர்ந்தது என்று கணக்கு. குதிரைக்கு நிலைப்பல் நடு இரண்டு இரண்டரை வயதில், அடுத்தது மூன்றரையில், ஓரம் நாலரையில். படிக்காமலே விரல்விட்டுச் சொன்னார். நான் புத்தகத்தில் பார்த்து ஒத்துப்பார்த்தேன். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிற ஊரில் காசு கொடுத்து வாங்கிய குதிரையை விடுவார்களா.

மேல்பல் துருத்தியதற்கு அவர் சொன்னது கிளிவாய். கிளியின் மூக்கு போல மேலே இருந்து கீழே வளைந்து இறங்கும். வேறு நாட்டிலும் இதைக் கிளி பேரால்தான் சொல்கிறார்கள் என்பது பிறகுதான் எனக்குத் தெரியும். கீழ்ப்பல்லுக்கு அவரிடம் தனிப்பேர் இல்லை. “கீழ முந்திக்குது” என்றார். அவ்வளவுதான்.

அந்த முந்திக்குது என் காதில் மாட்டிக்கொண்டது. முந்தல். மேல்முந்தல், கீழ்முந்தல். யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். அக்காவிடம் சோதித்தேன். “கீழ்முந்தல்னா?” என்று கேட்டேன். “கீழ்ப்பல்லு முன்னாடி வந்துட்டது” என்றாள். தேர்வில் பாஸ்.

குட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாத்தியார் ஐயா, கன்று என்று எழுதினால் தண்டையார்பேட்டையில் மாட்டைத்தான் நினைப்பார்கள். தொல்காப்பியருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் குட்டி என்றே எழுதப்போகிறேன்.

பழைய வண்ணைத் தம்பிக்கு: அப்படியே போட்டால் அக்கா கேட்ட கேள்விக்குப் பதில் வராது. மினியேச்சர் என்றாலும் ட்வார்ஃப் என்றாலும் அவள் காதில் குள்ளம்தான். இந்த இழையைத் திறந்ததே அதற்காகத்தானே.

குதிரை வகைக்கு நான் இப்போது நினைப்பது: சிட்டுக்குதிரை. சிட்டுக்குருவி மாதிரி. சின்னது, ஆனால் குறை எதுவும் இல்லாதது. சிட்டுக்குருவியைக் குள்ளக் குருவி என்று யாரும் சொல்வதில்லையே.

~~~

அனுப்பியவர்: கொருக்குப்பேட்டை வாத்தியார்

சிட்டுக்குதிரை பொம்மைக் கடைப் பேர் போல இருக்கிறது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதும்போதே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். வாயில் நன்றாக ஓடுகிறது. சிறு என்பதன் வழியில் வந்த சொல்லாகவும் படுகிறது. சரி, இருக்கட்டும்.

முந்தலில் எனக்கு ஒரு தடை. டாக்டர் எழுதியதைப் பார்த்தால் கீழ்த்தாடை முந்தவே இல்லை. மேல்தாடை பின்தங்கியதால் அது முந்தியது போலத் தெரிகிறது. பேசின் பிரிட்ஜ் ரயில் நிலையத்தில் நம் வண்டி நிற்கும்போது பக்கத்து வண்டி கிளம்பினால், நாம்தான் பின்னால் போகிறோம் என்று தோன்றுமே, அந்தக் கதை. உண்மைக்கு மாறான சொல்லை வைக்கலாமா?

~~~

அனுப்பியவர்: மாதவரம் டாக்டர்

ஐயா, வைக்கலாம். அப்படித்தான் வைக்க வேண்டும் என்பேன்.

முன்பல்லைப் பார்த்ததும் தெரிவது எது முன்னால், எது பின்னால் என்பது மட்டும்தான். எந்தத் தாடை குற்றவாளி என்பது அளந்து பார்த்த பிறகு தெரிவது. கிளிவாயிலும் பல நேரம் மேல்தாடை நீளமாக இருப்பதில்லை, கீழ்த்தாடை குட்டையாக இருக்கும். வீட்டில் குட்டி வளர்ப்பவர் சொல்லவேண்டிய சொல் வேறு, நான் எழுதவேண்டிய சொல் வேறு. முந்தல் அவருக்கு. எனக்குத் தேவையானால் கீழ்த்தாடைக் குட்டை, மேல்தாடைக் குட்டை என்று வெளிப்படையாக எழுதிக்கொள்கிறேன். அதற்கு அழகான சொல் வேண்டியதில்லை.

ஆனால் முந்தல் மட்டும் போதாது. எங்களுக்கு இரண்டு படிகள் உண்டு. முதலில் மேல்பல் வெளியே நிற்கும், ஆனால் கீழே இறங்கியிருக்காது. அதை அப்படியே விட்டால், எதிரே தாங்கிப்பிடிக்கக் கீழ்ப்பல் இல்லாததால், மேல்பல்லும் அது நிற்கிற எலும்பும் கீழ்நோக்கி இறங்கிக் கீழ்ப்பல்லை மூடிவிடும். மூடிவிட்டால் கீழ்த்தாடை முன்னால் வளர முயன்றாலும் வேலி போட்டது போல உள்ளே சிக்கிக்கொள்ளும். முதல் படிக்கு மேல்முந்தல் என்றால் இரண்டாவதற்கு மேல்மூடல் என்று வைக்கலாமா? முந்தல், மூடல். இரண்டையும் கலந்து ஒரே சொல்லால் எழுதுவதால்தான் எப்போது டாக்டரைக் கூப்பிடுவது என்பது வளர்ப்பவர்களுக்குப் புரிவதில்லை. முந்தல் மூடலாவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். மேல் முன்பல்லையும் கடைவாய்ப்பல்லையும் கம்பியால் இணைத்து மேல்தாடையின் ஓட்டத்தைப் பிடித்துவைக்கிற வைத்தியம், தாடை வேகமாக வளர்கிற முதல் மாதங்களில் செய்தால்தான் பலன் கொடுக்கும். ஆறேழு மாதம் தாண்டினால் பலன் குறைந்துகொண்டே போகும். பல்லைச் சரிசெய்தாலும் இரத்தத்தில் இருப்பது மாறாது என்பதையும் எழுதுங்கள். கம்பி போட்டு அழகாக்கிவிட்டு, இனவிருத்திக்கு விற்கிறவர்களும் உண்டு.

இதெல்லாம் முன்பல் அழகுக்காக இல்லை. குதிரையின் பல் வாழ்நாள் முழுக்க வருஷத்துக்கு 2, 3 மில்லிமீட்டர் வெளியே வந்துகொண்டே இருக்கும், அரைக்க அரைக்கத் தேயும். தாடை தள்ளி நின்றால் கடைவாய்ப் பல்வரிசையும் தள்ளி நிற்கும். எதிர்ப்பல் படாத முனை தேயாமல் கொக்கி போல வளரும். மேல்முந்தலில் மேலே முதல் கடைவாய்ப்பல்லின் முன்முனையிலும், கீழே கடைசிப் பல்லின் பின்முனையிலும் கொக்கி வரும். கீழ்முந்தலில் இது அப்படியே மாறி, கீழே முதல் பல்லிலும் மேலே கடைசிப் பல்லிலும் வரும். கொக்கி எதிர்ப்பக்கத்து ஈறைக் குத்தும். குதிரை வைக்கோலை மென்று மென்று உருண்டையாகத் துப்பும், கொள்ளைச் சிந்தும். அரத்தால் ராவ வேண்டும். பிறவியிலேயே தள்ளி நிற்கிற வாய் என்றால், காலம் முழுக்கக் குறித்த இடைவெளியில் ராவிக்கொண்டே இருக்க வேண்டும்.

சிட்டுக்குதிரைக்கு (பார்த்தீர்களா, எழுதிவிட்டேன்) கூடுதலாக ஒரு தொல்லை. தாடை சுருங்கிய அளவுக்குப் பல் சுருங்கவில்லை. சின்ன வாயில் பெரிய பல், ஒரே நெரிசல். நிலைப்பல் முளைக்கிற வயதில் கீழ்த்தாடையின் அடியில் முண்டுமுண்டாகப் புடைக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் தானே அடங்கும்.

~~~

அனுப்பியவர்: பெரம்பூரிலிருந்து

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து பெரம்பூரில் வாழ்க்கைப்பட்டவள், மொழிபெயர்ப்பு எனக்குத் தொழில். முந்தல், மூடல் இரண்டும் நல்ல சோடி. அதைத் தொடவேண்டாம்.

நோய்க்கு இன்னும் பெயர் வைக்கவில்லையே? டாக்டர் காரணத்தைச் சொல்லிவிட்டார், பெயரையும் அங்கேயே தேடலாம். குருத்தெலும்பு என்று நீங்கள் சொல்வதை எங்களூரில் கசியிழையம் என்று படித்தோம். இந்த இடத்தில் உங்கள் சொல்தான் மேல். குருத்து என்றால் வாழைக் குருத்து, பனங்குருத்து. நுனியிலிருந்து வளர்வது. எலும்பும் அப்படி ஒரு குருத்திலிருந்துதான் வளர்கிறது என்று டாக்டர் எழுதியதை வாசித்தபோது, இந்தச் சொல் இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டதே என்று தோன்றியது. குருத்தில் குறை வந்ததால் உண்டான குறுமை. குருத்துக்குறுமை. மனிதரைச் சுட்டுகிற சொல் இதில் இல்லை. ஃப்ரீசியன் குதிரைக்கு வருவது வேறு என்றால் அதற்கு வேறு பெயர் வைத்துக்கொள்ளலாம்.

~~~

அனுப்பியவர்: தண்டையார்பேட்டையான்

குருத்துக்குறுமை! அக்காவிடம் கேட்காமலே ஏற்றுக்கொண்டேன்.

ஏன் இந்தப் பிரிப்பு வேண்டும் என்பதற்குக் கட்டுரையில் ஓர் உதாரணமும் சேர்த்திருக்கிறேன். 2006இல் உலகின் மிகச் சிறிய குதிரை என்று கின்னஸில் பதிவான தம்பெலினா, அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்துக் குதிரை. உயரம் 44.5 செ.மீ., அதாவது பதினேழரை அங்குலம். நம் பத்திரிகைகளிலும் படம் போட்டார்கள். சின்னதிலும் சின்ன சிட்டுக்குதிரை என்றே நானும் நினைத்திருந்தேன். அது சிட்டுக்குதிரைகளுக்குப் பிறந்த குட்டிதான், ஆனால் குள்ளநோயோடு பிறந்தது. கால் வளைவுக்காகக் கட்டுப் போட்டு நடந்த குதிரை. அதைத் தூக்கிவைத்துக் கொஞ்சுகிற படத்தைப் பார்த்து, அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று கேட்டவர்கள் எத்தனை பேரோ.

~~~

அனுப்பியவர்: கொருக்குப்பேட்டை வாத்தியார்

குருத்துக்குறுமைக்கு உடன்படுகிறேன். இடையில் க் விடாமல் ஒரே சொல்லாக எழுதவும். குருத்து குறுமை என்று பிரித்து எழுதி யாராவது ஏற்றினால் நான் இந்தக் குழுவிலேயே இருக்க மாட்டேன்.

குறள்நோயைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். டாக்டர் சொன்னதை இரண்டு நாள் யோசித்தேன். என் வகுப்பில் அப்படி ஒரு பையன் படித்தான். அவன் முன்னால் அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்க மாட்டேன்.

கன்று விஷயத்தில் மட்டும் என் மனம் மாறவில்லை.

~~~

அனுப்பியவர்: தண்டையார்பேட்டையான்
பொருள்: முடிவு வந்தது, ஆனால் சொல் தேவை

மயிர்ப் பரிசோதனை முடிவு நேற்று ராத்திரி வந்துவிட்டது. குட்டியிடம் டி2 ஒன்று இருக்கிறது. ஒன்றே ஒன்று. மற்றப் பிரதி சுத்தம். ஆகவே குருத்துக்குறுமை இல்லை. பல் வெறும் கீழ்முந்தல்தான். ஆறு மாதம் வரை மாதம் ஒரு தரம் தலையை நேராக வைத்துப் படமெடுத்து அங்கே உள்ள குதிரைப் பல் மருத்துவரிடம் காட்டப்போகிறாள். வாளிக்குள் தலைவிட்ட படம் இனிமேல் கிடையாது.

அக்காவிடம் சொன்னேன். “நோய் இல்லக்கா, ஆனா ஒரு பிழை இருக்கு. நாளைக்கு இதே மாதிரி ஒன்னு வெச்சிருக்கிற குதிரையோட சேர்த்தா, நாலுல ஒன்னுக்கு வரலாம்.” அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: “இப்ப அதுக்கு இருக்குதுன்றியா, இல்லன்றியா?”

மறுபடியும் வாயடைத்துப் போனேன். தனக்கு நோய் இல்லாமல், பிழையை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கிற உயிருக்கு என்ன பேர்? தாங்கி என்று ஒரு புத்தகத்தில் பார்த்தேன். பேருந்து நிறுத்தத்தில் சுமைதாங்கிக் கல் நிற்பது போல் இருக்கிறது. கடத்தி என்று இன்னொன்றில். அது மின்சாரக் கம்பிக்கும் ஆகிறது, கள்ளக்கடத்தலுக்கும் ஆகிறது.

~~~

அனுப்பியவர்: பெரம்பூரிலிருந்து

குட்டிக்கு ஒன்றும் இல்லை என்பதில் மெத்தச் சந்தோசம். எங்களூரில் இதற்குக் காவி என்போம். காவிச் செல்வது காவி. ஆனால் இந்த ஊரில் அதைச் சொன்னால் வேட்டி நிறமோ கட்சியோ என்று கேட்பார்கள் என்பது எனக்கும் தெரியும்.

~~~

அனுப்பியவர்: மாதவரம் டாக்டர்

காவி வேண்டாம் தாயே. புது இழை திறங்கள் அண்ணே, இதுவே நீளமாகிவிட்டது. சித்தப்பாவிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். தான் நன்றாக இருந்து, போட்ட குட்டிக்கு மட்டும் குறை வருகிற பெட்டையை அந்தக் காலத்துக் குதிரைக்காரர்கள் என்ன சொல்லி விற்பார்கள், என்ன சொல்லி வாங்க மறுப்பார்கள் என்று.